வூட்ல கேட்டதா சொல்லு

போன சனிக்கிழமை தென்சென்னையில் ஒரு சின்ன அரங்கில் கதை வாசித்தேன். நாற்பது நாற்காலி, மூங்கில் விளக்கு, நடுக்கும் ஏ.சி. நடத்தியவர் என்னை ‘வடசென்னையின் இருண்ட சந்துகளிலிருந்து ஒலிக்கும் குயர் குரல்’ என்று அறிமுகம் செய்தார். குயர் என்றால் ஆண்-பெண் ஜோடி என்ற வழக்கத்துக்குள் அடங்காதவர்கள்; நான் ஒரு பெண்ணோடு வாழும் பெண். எங்கள் சந்தில் மூன்று எல்.ஈ.டி. விளக்குகள் இருக்கின்றன. ராத்திரி ஜன்னலைச் சாத்தினாலும் கண் கூசும். சரி, மைக் வைத்திருப்பவரிடம் வம்பு எதற்கு என்று சிரித்துவைத்தேன். வாசித்து முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பெண், நிஜமான அக்கறையோடுதான், கேட்டார்: “அந்தப் பக்கம் உங்களால உங்களா இருக்க முடியுதா?” ‘உங்களா இருக்கிறது’ என்ற தமிழே எனக்குப் புதிதாக இருந்தது. அதை நான் மென்று முழுங்குவதற்குள் அடுத்தவர் வாசிக்க வந்துவிட்டார்.

வெளியே தூறல். செயலியில் ஆட்டோ போட்டேன். முதல் ஆள் போன் செய்து “டிராப் எங்க மேடம்?” என்றார். “தண்டையார்பேட்டை.” “கேன்சல் பண்ணிடுங்க.” இரண்டாவது ஆளும் அதையே சொன்னார். மூன்றாவது ஆள் போனே எடுக்கவில்லை. கடைசியில் அடையாறு தோழி ஸ்கூட்டரில் மெட்ரோ வரை கொண்டுவந்து விட்டாள். வழியெல்லாம் பழைய பாட்டுதான். “இந்தப் பக்கமே வந்துடேன்டி. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இப்படி அலையுற. உங்க ஏரியால உனக்குன்னு என்னதான் இருக்கு?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஒரு வாரம் கூவத்தைத் தாண்ட மாட்டேன். தாண்டாம என்னென்ன பார்த்தேன்னு எழுதிக் காட்டுறேன்” என்றேன். பந்தயம், ஒரு மட்டன் பிரியாணி.

அந்த வாரத்துக்குள் போகும் முன் என்னோடு வாழ்பவளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெயர் போட மாட்டேன். அவள் நர்ஸாக இருக்கும் இடத்தில் யாருக்கும் தெரியாது. ‘இவள்’ என்றே எழுதுகிறேன். என் அம்மாவும் அப்பாவை நாற்பது வருஷம் ‘அவங்க’ என்றே சொல்லி ஓட்டிவிட்டாள். ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்கும் என்னை இடித்துச் சொல்லச் சொல்வாள். பெயரைச் சொல்லாதது அவளுக்கு ஒருவகை நெருக்கம். எனக்கு அது பாதி நெருக்கம், பாதி பயம்.

நாங்கள் இருப்பது மாடிப் போர்ஷன். வாடகை ஒப்பந்தம் எழுதும்போது புரோக்கர், “ரெண்டு பேருக்கும் உறவு இன்னான்னு போடணும்மா” என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருமினோம். அவரே ‘பெரியம்மா மகள்’ என்று எழுதிக்கொண்டார். ஆறு வருஷமாக அந்தத் தாளின்படி நாங்கள் அக்கா தங்கை. இவளைவிட நான் இரண்டு மாதம் சின்னவள். அதனால் தங்கை நான்தான்.

திங்கட்கிழமை இவளுக்கு ஓய்வு நாள். சாயங்காலம் ராயபுரம் வரை நடந்தோம். டி.எச். ரோட்டில் அகஸ்தியா தியேட்டர் இருந்த இடத்தைக் கடக்கும்போது இவள் வழக்கம்போல என் கையைக் கிள்ளினாள். முதல்முதலாக நாங்கள் கை கோர்த்தது அந்த இருட்டில்தான். 2020இல் மூடிவிட்டார்கள். என்ன படம் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் நினைவில்லை.

ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் போய் ஒருமுறை அந்தத் தூண்களைத் தொட்டுவிட்டு வந்தோம். 1856இல் இங்கிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதுதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதைவிட எனக்குப் பிடித்த இடம் ராபின்சன் பூங்கா. இப்போது அண்ணா பெயரில் இருக்கிறது. 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்த இடம். நாங்கள் போனபோது ஷட்டில் ஆடும் பையன்களும், கையை வீசிக்கொண்டு வேக நடை போடும் மாமாக்களும் இருந்தார்கள். ஒரு பெஞ்சு பிடித்துச் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தோம்.

என் அப்பா அம்மா கல்யாணம் சுயமரியாதைக் கல்யாணம். அண்ணா முதலமைச்சரான பிறகு, 1967இல், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஐயர் வேண்டாம், ஹோமம் வேண்டாம். உறவினரோ நண்பரோ வேறு யாராவதோ முன்னால் நிற்க, இருவருக்கும் புரியும் மொழியில் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று இருவரும் சொன்னாலும் போதும், மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் மாற்றினாலும் போதும். அதற்கு முன்னால் அப்படிச் செய்துகொண்டவர்களின் கல்யாணமும் செல்லும் என்று சேர்த்தே எழுதினார்கள். சட்டம் பின்னால் வந்தது, ஜனங்கள் முன்னாலேயே செய்துகொண்டிருந்தார்கள். சென்னையில் 2009 முதல் ஜூன் மாதம் நடக்கும் எங்கள் ஊர்வலத்துக்கு வானவில் சுயமரியாதைப் பேரணி என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் எங்களுக்குத் திருமண உரிமை இல்லை என்று சொன்ன ராத்திரி, நான் 7ஏ பிரிவைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். ‘வேறு யாராவது’ என்ற இடம் வரும்போதெல்லாம் நின்றுவிடுவேன்.

“சரி, நமக்குன்னா யாரைக் கூப்பிடுவ?” என்றாள் இவள்.

“எதுக்கு?”

“முன்னால நிக்கிறதுக்கு.”

யோசித்தேன். அடையாறு தோழியைத் தவிர ஒரு பெயர் வரவில்லை. அவளும் தாமதமாகத்தான் வருவாள்.

செவ்வாய்க்கிழமை பாரிமுனை. மொழிபெயர்ப்பு வேலைக்குத் தாள் கட்டு வாங்க ஆண்டர்சன் தெருவுக்குப் போனேன். தாளும் நோட்டும் டைரியும் விற்கும் தெரு. கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கும் அதுதான் இடம். வாசலிலேயே மாதிரி அட்டைகள் அடுக்கியிருக்கும்: பிள்ளையார் போட்டது, யானை போட்டது, திறந்தால் ரோஜா எழுந்து நிற்பது. ஒன்றைச் சும்மா எடுத்துப் பார்த்தேன். கடைப் பையன் பாய்ந்து வந்தான். “பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு சொல்லுங்கக்கா, ரெண்டு நிமிஷத்துல டிசைன் பண்ணிக் காட்டுறேன்.” என் பெயரைச் சொன்னேன். “மாப்பிள்ளை?” என்றான். தாள் கட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். எதற்காக அந்த அட்டையைத் தொட்டேன் என்று கேட்டால் பதில் இல்லை. யானை நன்றாக இருந்தது.

வெளியே ஒரு கூட்டம் தொப்பியும் கேமராவுமாக வந்தது. ஆகஸ்ட் மாதம் அல்லவா, 22ஆம் தேதி மெட்ராஸ் தினம். 1639இல் கம்பெனிக்காரன் இடம் வாங்கிய நாள். அதையொட்டிப் பாரம்பரிய நடைகள் தொடங்கிவிடும். வழிகாட்டி நன்றாகவே பேசினார். ஆனால் தலைச்சுமையோடு வந்த ஒருவருக்கு வழிவிடாமல் நடுத்தெருவில் நின்று மாடத்தைப் படம் பிடித்தார்கள். “சைடு சைடு சைடு” என்று அவர் கத்திக்கொண்டே போனார். அவர் பாதையும் பாரம்பரியம்தான். யாரும் அவரைப் படம் எடுக்கவில்லை.

அப்படியே உயர் நீதிமன்றத்தை ஒட்டி நடந்தேன். ஒரு காலத்தில் தலைமேலேயே கலங்கரை விளக்கம் வைத்திருந்த சிவப்புக் கட்டடம். எங்களைப் பற்றி இந்த ஊரில் நடந்த முக்கியமான பேச்சுகள் எந்தக் கலையரங்கிலும் நடக்கவில்லை, இங்கேதான் நடந்தன. கூவத்துக்கு வடக்கே என்பதையும் தோழி குறித்துக்கொள்ளட்டும். 2021 ஜூனில், மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இது பற்றிப் போதுமான புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்து தீர்ப்பு எழுதினார். ‘மாற்றிவிடுகிறேன்’ என்று யாரும் சிகிச்சை செய்யக் கூடாது என்றார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022இல் தமிழக அரசு எங்களுக்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

அப்புறம் 2025 மே மாதம் இன்னொரு தீர்ப்பு, அதுவும் இரண்டு பெண்களுடையது. வீட்டில் அடைத்துவைக்கப்பட்டவளை அவள் விருப்பப்படி போகவிட்ட நீதிபதிகள், திருமணம் ஒன்றே குடும்பமாவதற்கு வழியல்ல, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பம்தான் என்றார்கள். கூடவே, ‘குயர்’ என்ற சொல்லைப் பயன்படுத்தத் தங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்றும் எழுதினார்கள்: அகராதியில் அதற்கு விசித்திரம் என்று பொருள், அவர்களுக்கு இயல்பாக இருப்பதை நாம் ஏன் விசித்திரம் என்க வேண்டும்? நண்பர்கள் சிலருக்கு அதில் கோபம். வசைச்சொல்லைப் பிடுங்கி நாங்களே சூட்டிக்கொண்ட வரலாறு இருக்கிறதே என்று. எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகப் படுகிறது. அரசிதழில் இருக்கும் ‘பால்புதுமையர்’ கூட அழகான சொல்தான். ஆனால் எங்கள் தெருவில் அதைச் சொன்னால் ஆவின் புது பாக்கெட் விட்டிருக்கிறான் என்று நினைப்பார்கள்.

பசித்தது. பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த தீனி, இப்போது வடசென்னைக்காரன் அடையாளம். கடைக்காரர் ஆரஞ்சு நிற நூடுல்ஸைக் கையால் அள்ளிக் கிண்ணத்தில் போட்டார், மெல்லிசாக அரிந்த கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய், மிளகாய்த்தூள். மொறுமொறு பேஜோவை உள்ளங்கையில் வைத்து நொறுக்கித் தூவினார். விரல்கள் மட்டும் கிண்ணத்துக்குள் நாட்டியமாடின, முகம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வாழைத்தண்டு சூப். “ஒரு பார்சலும் போடுங்கண்ணா” என்றேன். “காரம் தூக்கலா, வழக்கம்போல?” என்றார். காரம் தூக்கலாகச் சாப்பிடுபவள் நான் இல்லை.

புதன்கிழமை மழை. வேலை. ஒரு தொடருக்குத் தமிழ் சப்டைட்டில், நாற்பது நிமிஷத்துக்கு அறுநூறு வரி. சாயங்காலம் கீழ்வீட்டுப் பெண் கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள். பன்னிரண்டு வயசு. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்த காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண், அப்பா ஆட்டோ ஓட்டுபவர். அன்றிலிருந்து எங்கள் பக்கம் பெண் பிள்ளைகளைக் கேரம் கிளப்புக்கு அனுப்புவதில் அம்மாக்களுக்கு ஒரு தைரியம். மூன்று ஆட்டம் தோற்றேன். “அந்த அக்கா எப்ப வருவாங்க? அவங்கதான் நல்லா ஆடுவாங்க” என்றது அது.

வியாழக்கிழமை விடிகாலை, முனையில் இட்லிக்கடை வைத்திருந்த ஆயா இறந்துபோனது. எண்பதுக்கு மேல் இருக்கும். நாங்கள் இங்கே வந்த முதல் வாரம், எங்களுக்கு அடுப்பு இணைப்பு வராத வாரம், தினமும் காலையில் எட்டு இட்லியை வாழையிலையில் மடித்து, “ரெண்டு பேரும் பிச்சினு துன்னுங்க, சண்ட போடாதீங்க” என்று கொடுத்த ஆயா. காசு கேட்டால், “ஓடியா போவப் போற?” என்னும்.

தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்கள். ஐஸ் பெட்டி வந்தது, நாற்காலி வந்தது, ராத்திரி எட்டு மணிக்குக் கானாக்காரர்கள் வந்தார்கள். ஐந்து பையன்கள், டோலக், தபேலா, ஒரு கீபோர்டு. 2018 ஜனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடையேறிய பிறகு கானாவைப் பற்றி ஊரெல்லாம் கட்டுரை வந்தது. கானா பாடும் ராயபுரத்து இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தார். நல்ல விஷயம்தான். ஆனால் சாவு வீட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில், கொசு கடிக்க உட்கார்ந்து கேட்கும் கானா வேறு. அங்கே யாரும் கைதட்ட மாட்டார்கள். மூக்கைச் சிந்துவார்கள், நடுவில் ஒருவர் எழுந்துபோய் டீ வாங்கி வருவார்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். சொந்தக்காரர்கள் பெயரை ஒரு சீட்டில் எழுதி, கூட ஒரு நோட்டை வைத்துப் பாடுபவனிடம் கொடுப்பார்கள். அவன் அந்தப் பெயர்களைப் பாட்டுக்குள் கோத்துவிடுவான். இன்னார் மகன் வந்தான், இன்ன ஊர் மருமகள் வந்தாள், பேரன் வந்தான், கொள்ளுப்பேத்தி வந்தாள், நீ மட்டும் எங்கே போனாய் என்று வரிசையாக வரும். யார் யாருக்கு என்ன வேண்டும் என்பதற்கு அந்த ராத்திரிதான் பதிவேடு. ஒருவர் பெயர் விட்டுப்போனால் பதினாறாம் நாள் வரை பேச்சு இருக்கும்.

இவள் நைட் டியூட்டிக்குக் கிளம்பும் முன் யூனிஃபார்மோடு வந்தாள். பையிலிருந்து மருந்துச் சீட்டு ஒன்றைத் திருப்பி ஏதோ எழுதி, இருநூறு ரூபாயைச் சுற்றிப் பாடுபவன் பக்கம் நீட்டினாள். எட்டிப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேர் பெயரும் ஒரே வரியில், நடுவில் ‘உம்’ கூட இல்லாமல், ஒட்டி எழுதியிருந்தது, புருஷன் பெண்டாட்டி பெயரைக் கல்யாண மொய் நோட்டில் எழுதுவதுபோல. உறவு என்று எதுவும் போடவில்லை. எனக்கு வயிறு கலங்கியது. “என்னடி பண்ற?” என்றேன். “ஆயாவுக்குத்தானே” என்றாள். போய்விட்டாள்.

சீட்டு வரிசையாக வந்தது. எங்கள் முறை. பையன் சீட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். நர்ஸ் கையெழுத்து, டாக்டர் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போனது. அவனுக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த ஆயாவின் மகளிடம் காட்டினான். அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவன் காதில் ஏதோ சொன்னார். தாளம் தப்பாமல் அவன் பாடினான்: மாடி வூட்டு ஜோடிப் புள்ள வந்து நிக்குதே ஆயா, உன் ஆறாத இட்லிக்கு இன்னும் காத்து நிக்குதே. அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான்.

ஜோடி என்று அந்தம்மா சொன்னாரா, மெட்டுக்கு அவனே போட்டுக்கொண்டானா, தெரியவில்லை. ஜோடிச் செருப்பு, ஜோடி மாடு, ஜோடிப் புறா, எல்லாம் ஜோடிதான். சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் திரும்பவில்லை. பத்து மணிக்குப் போலீஸ் வந்து மைக்கை நிறுத்தச் சொன்னது. மைக் நின்றது, பாட்டு நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை, ஆடிக் கடைசி வெள்ளி. தெருவுக்குத் தெரு கூழ்ப்பானை. தூக்கமில்லாமல் வந்த இவளையும் இழுத்துக்கொண்டு தேரடி மெட்ரோவில் இறங்கித் திருவொற்றியூர் போனேன். வடிவுடையம்மன் வரிசை தெருவரை. நாங்கள் தியாகராஜர் பக்கம் போய் மகிழ மரத்தடியில் உட்கார்ந்தோம்.

இந்த மரத்துக்கு ஒரு கதை இருக்கிறது. பெரியபுராணத்தில் வருகிறது. திருவாரூரில் ஏற்கெனவே பரவையை மணந்த சுந்தரர் இங்கே வந்து, பூத்தொடுக்கும் சங்கிலியாரைப் பார்த்து மயங்கினார். ‘பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தால் சரி’ என்றார் சங்கிலியார். சுந்தரர் சாமியிடமே தந்திரம் பேசினார்: நான் சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீர் கொஞ்சம் மகிழ மரத்துக்குப் போய்விடும். சாமி சரியென்றார். அப்புறம் நேரே சங்கிலியார் கனவில் போய், சந்நிதியில் வேண்டாம், மரத்தடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார். மாட்டிக்கொண்ட சுந்தரர் மரத்தைச் சுற்றிச் சத்தியம் செய்தார். வசந்தம் வந்தது, திருவாரூர் நினைவு வந்தது, சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று.

எல்லையைத் தாண்டாதே என்பதற்கு எங்கள் பக்கம் இப்படியொரு முன்னுதாரணம் இருப்பதை அடையாறு தோழிக்கு உடனே செய்தி அனுப்பினேன். இவளுக்கு வேறு இடத்தில் சிரிப்பு. “ஊரு இல்ல, உறவு இல்ல, தாலி இல்ல. ஒரு மரம், அதுல ஒரு சாமி. அவ்வளவுதானா கல்யாணம்?” என்றாள். “சாமி ரெண்டு பக்கமும் பேசினாரே” என்றேன். ஒரு வயசான அம்மா எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார். “மரத்தைச் சுத்துங்கம்மா, நல்ல மாப்பிள்ளை அமையும்” என்றார். “சரிம்மா” என்று எழுந்து இருவரும் சுற்றினோம். மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில் இவள் கொட்டாவி விட்டாள்.

கூழ் வாங்கினோம், முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் கூட. பட்டினத்தார் சமாதி கடற்கரைப் பக்கம் பக்கத்திலேயே இருந்தும் போகவில்லை. பெண்களைப் பற்றி அவர் பாடியதற்கெல்லாம் இன்னும் எனக்குக் கோபம் தீரவில்லை.

சனிக்கிழமை ராத்திரி வியாசர்பாடியில் தெருக்கூத்து. அம்மன் கோயில் ஆடித் திருவிழா முடிவு. காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்த குழு. பத்தரை மணிக்கு ஆரம்பம் என்றார்கள், பன்னிரண்டானது. அதற்குள் வேஷம் கட்டும் கொட்டாய்க்குள் எட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. துரியோதனன் தரையில் குந்தி முகத்தில் சிவப்பு பூசிக்கொண்டிருந்தார். கட்டியங்காரன் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மூலையில் திரௌபதி. ஐம்பது வயது மனிதர். தேங்காயெண்ணெயில் குழைத்த முத்துவெள்ளையை முகத்தில் அப்பி, ஈரத் துணியால் ஒற்றி, சவுரி முடியைக் கட்டி, ரவிக்கைக்குள் துணி உருண்டைகளை வைத்து இடது வலது சரிபார்த்தார். கண் மை தீட்டும்போது மட்டும் மூச்சை நிறுத்திக்கொண்டார். கண்ணாடி உடைந்துவிட்டதாம். என் போன் கேமராவைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். ஒரு கோடு இழுத்துவிட்டு, “சமமா இருக்குதாம்மா?” என்றார். வலது கண் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. சொன்னேன். எச்சில் தொட்டுத் துடைத்து மறுபடி இழுத்தார்.

எனக்குள் ஒரு கட்டுரை அப்போதே ஓட ஆரம்பித்துவிட்டது. கிராமத்துக் கூத்தில் காலங்காலமாகப் பாலின எல்லைகள் எப்படி எல்லாம் அழிகின்றன என்று. கேட்டேவிட்டேன்: “சின்ன வயசுலேர்ந்தே பொம்பள வேஷம்தான் புடிக்குமாண்ணே?” அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “எனக்குக் கர்ணன் கட்டணும்னு ஆசைம்மா. வாத்தியார், உன் குரல் கீச்சுக்குரல்டா, நீ பொம்பளதான்னுட்டார். முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு.” துரியோதனன் சிரித்தார். “இன்னமும் கர்ணனை வெச்சு எங்க உசுர வாங்குறான்.”

கட்டுரை அங்கேயே செத்தது. எல்லோரையும் எங்கள் பக்கம் இழுத்து உட்காரவைத்துக்கொள்ளும் ஆசை எனக்கு உண்டு. தனியாக இருப்பவர்களுக்கு வரும் ஆசை. அவர் பாட்டுக்குக் கர்ணனுக்காக ஏங்கிக்கொண்டிருந்தார்.

ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு, துகில் உரியும் இடத்தில், அந்தக் கீச்சுக்குரல் மேலே ஏறி நின்றபோது, பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். ஒரு பாட்டி கற்பூரம் ஏற்றித் தட்டோடு முன்னால் போனார். திரௌபதி அம்மன் வந்துவிட்டாள் என்றார்கள். வலது கண் மை மறுபடி இறங்கியிருந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை.

கூத்து முடியும் முன்பே நழுவிக் காசிமேடு போனேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை அங்கே போகாவிட்டால் வாரமே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது. அந்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தகராறு. ஆடியில் அந்தக் குறையில்லை. ஐஸ் தண்ணீர் கணுக்கால்வரை, தலைக்குமேல் கூடைகள், ஏலக்காரரின் ஒரே மூச்சு எண்ணிக்கை. வஞ்சிரத்தைச் சும்மா விசாரித்துவிட்டு, வழக்கமாக வாங்கும் அக்காவிடம் போனேன். அவர் முன்னால் சங்கரா ஒரு கூறு, கவலை மீன் ஒரு கூறு.

செவுளைத் தூக்கிப் பார்த்தேன். “சிகப்பா கீது பாரு, இன்னா பாக்குற? நேத்து ராத்திரி வந்தது” என்றார். சங்கரா கூறு நானூறு என்றார். முந்நூறு என்றேன்.

“உன் வூட்ல சங்கராதான துன்னும்? கவலைல முள்ளுன்னு அன்னிக்கி வந்து அந்த சண்ட போட்டுச்சே. முந்நூத்தி அம்பது, எடுத்துனு போ.”

தமிழ் தெரியாதவர்களுக்கு இந்த ‘வூட்ல’வைப் புரியவைக்க முடியாது. எங்க வூட்ல கோவிச்சுக்கும், வூட்ல கேட்டுச் சொல்றேன், உங்க வூட்ல வேலைக்குப் போறாங்களா. புருஷனுக்கோ பெண்டாட்டிக்கோ பெயர் சொல்லாமல் ஊர் வைத்த பெயர். மாமியாரை யாரும் ‘வூட்ல’ என்பதில்லை. பெரியம்மா மகளையும் என்பதில்லை. அந்த அக்கா எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று மீனைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். அவர் அதற்குள் பையில் போட்டு முடிச்சிட்டுவிட்டார். மேலே இரண்டு கவலையை இலவசமாக எறிந்தார்.

“இது உனக்கு. வூட்ல கேட்டதா சொல்லு. போன வாரம் ஜொரம்னியே, தேவலையா?”

“தேவலைக்கா.”

“நைட் டூட்டி வேணாம்னு சொல்லு. ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்.”

மீன் வெட்டும் வரிசையில் நிற்கும்போது அடையாறு தோழி போன் செய்தாள். பந்தயத்தில் தோற்றதாக ஒப்புக்கொண்டாள், ஆனால் பிரியாணியை அந்தப் பக்கம் வந்தால்தான் வாங்கித்தருவாளாம். “கூவத்தைத் தாண்டி வந்து குடு” என்றேன். “ஆட்டோக்காரன் வர மாட்டேங்கிறான்டி” என்றாள்.

வீட்டுக்கு வரும்போது ஏழரை. இவள் டியூட்டி முடிந்து வந்து, யூனிஃபார்ம் மாற்றாமல் தரையில் குப்புறப் படுத்திருந்தாள்.

“உன்னைக் கேட்டாங்க” என்றேன்.

“யாரு?”

“மீன்கார அக்கா.”

கண்ணைத் திறக்கவில்லை. “சங்கராதான?”

“ரெண்டு கவலையும் இருக்கு.”

“அதை நீயே தின்னு” என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தாள். நான் மண்சட்டியை எடுத்துப் புளி ஊறப்போட்டேன்.